ஒருமனது என்னும் பூட்டு: நாடுகளின் ஒன்றியம் ஒரே நாடாக மாறுமா?

இத்தாலி 1962-இல் மின் நிறுவனங்களை நாட்டுடைமையாக்கியது. அதை ஏற்காத ஃபிளாமினியோ கோஸ்டா, தமக்கு வந்த 1,925 லிரா மின்கட்டணத்தைக் கட்ட மறுத்தார். அற்பத் தொகைதான். ஆனாலும் மிலான் நகரின் சிறு நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கு லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. உறுப்பு நாட்டின் சட்டமும் ஐரோப்பிய ஒப்பந்தத்திலிருந்து பிறக்கும் சட்டமும் மோதினால் பின்னதே நிற்கும் என்று 1964 ஜூலை 15 அன்று தீர்ப்பு வந்தது. அப்படிச் சொல்லும் வாசகம் எதுவும் ஒப்பந்தத்தில் இல்லை. நீதிபதிகள் அதன் நோக்கத்திலிருந்து எடுத்துச் சொன்னார்கள்.

மத்தியச் சட்டம் மேலே, மாநிலச் சட்டம் கீழே என்பது கூட்டாட்சியின் இலக்கணம். அப்படியானால் ஐரோப்பா அன்றைக்கே கூட்டாட்சி ஆகிவிட்டதா? ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று பார்த்தால், இறையாண்மை உள்ள நாடுகள் சேர்ந்த ஓர் ஒன்றியம் எந்தப் புள்ளியில் தனி நாடாக மாறுகிறது என்பது விளங்கும்.

கூட்டமைப்பும் (இறையாண்மை உள்ள நாடுகளின் ஒன்றியம்) கூட்டாட்சியும் (மாநிலங்கள் சேர்ந்த ஒரே நாடு) வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். கொடி, பாராளுமன்றம், நீதிமன்றம், பொது நாணயம் எல்லாம் இரண்டிலும் இருக்கலாம். வேறுபாடு தெரிய மூன்று இடங்களைத் தொட்டுப் பார்த்தால் போதும். மத்திய அமைப்பு மக்களிடம் நேரடியாக வரி வாங்குகிறதா, உறுப்பு அரசுகளிடம் கையேந்துகிறதா? ஓர் உறுப்பு தன் விருப்பப்படி விலக முடியுமா? அடிப்படை விதியை மாற்ற எல்லோருடைய சம்மதமும் வேண்டுமா, பெரும்பான்மை போதுமா? முதல் இரண்டும் பலருக்குத் தெரிந்தவை. எங்கள் கணிப்பில் மூன்றாவதுதான் பூட்டு. அது திறக்காதவரை மற்ற இரண்டும் மாறாது.

இதற்கு அமெரிக்காவை விடத் தெளிவான சான்று கிடையாது. 1781-இல் நடைமுறைக்கு வந்த கூட்டமைப்பு உடன்படிக்கையின் கீழ் 13 மாநிலங்களும் தங்கள் இறையாண்மையை வைத்துக்கொண்டன. மத்தியில் இருந்த காங்கிரசுக்கு வரி போடும் அதிகாரம் இல்லை. சுதந்திரப் போருக்கு வாங்கிய கடனை அடைக்க, ஒவ்வொரு மாநிலமும் இவ்வளவு தர வேண்டும் என்று கேட்டு எழுதும். மாநிலங்கள் தரலாம், தராமலும் விடலாம். தராதவரைத் தண்டிக்க வழியில்லை. பக்கத்து மாநிலம் தராதபோது நாம் மட்டும் ஏன் தர வேண்டும் என்ற கணக்கு எல்லாருக்குமே வந்துவிடும். அது யாருடைய கெட்ட எண்ணமும் அல்ல, அந்த அமைப்பே அப்படிக் கணக்குப் போட வைக்கும். பரிகாரமாக இறக்குமதிப் பொருள்களுக்கு 5 விழுக்காடு சுங்க வரி போட அனுமதி கேட்டார்கள். உடன்படிக்கையைத் திருத்த 13 பேரும் ஒப்ப வேண்டும். 1782-இல் ரோட் ஐலண்ட் என்ற மிகச் சிறிய மாநிலம் மறுத்தது, திட்டம் செத்தது. மாற்றி எழுதிய இரண்டாம் திட்டம் நியூயார்க்கில் சிக்கி அதுவும் செத்தது.

1787 மே மாதம் பிலடெல்பியாவில் கூடியவர்களுக்குக் கொடுக்கப்பட்ட பணி பழைய உடன்படிக்கையைச் செப்பனிடுவது. அவர்களோ புதிய அரசியலமைப்பையே எழுதினார்கள். அதன் ஏழாம் பிரிவு ஒற்றை வாக்கியம்: 9 மாநிலங்கள் ஏற்றால், ஏற்ற மாநிலங்களுக்கு இடையில் இது நடைமுறைக்கு வரும். 13-க்கு 13 என்ற பூட்டை உடைக்காமல், பக்கத்தில் வேறு கதவு வைத்துவிட்டார்கள். 1788 ஜூன் 21 அன்று நியூ ஹாம்ப்ஷயர் ஒன்பதாவதாக ஏற்றது. பழைய விதியின்படி பார்த்தால் இது செல்லாது. புதிய விதியின்படி செல்லும். எந்த விதி நிற்கும் என்பதை நீதிமன்றம் தீர்க்கவில்லை, நடப்புத்தான் தீர்த்தது.

பிலடெல்பியாவுக்குப் பிரதிநிதியையே அனுப்பாத ரோட் ஐலண்ட் வெளியிலேயே நின்றது. 1789-இல் ஜார்ஜ் வாஷிங்டன் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றபோதும் அது சேரவில்லை. 1790 மே மாதம் அமெரிக்க செனட் அந்த மாநிலத்தோடு வணிகத்தைத் தடுக்கும் மசோதாவை நிறைவேற்றியது. அதே மாதம் 29-ஆம் தேதி 34-க்கு 32 என்ற வாக்கில் ரோட் ஐலண்ட் பணிந்தது. இரண்டே வாக்கு வித்தியாசம்! விருப்பத்தோடு சேர்ந்தார்கள் என்று இதைச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

சுவிட்சர்லாந்தில் இன்னும் கரடுமுரடாக நடந்தது. 1815-இன் ஒப்பந்தத்தில் 22 கான்டன்கள் (அந்நாட்டின் மாநிலங்கள்) தனித்தனி அரசுகள். அதைத் திருத்துவது எப்படி என்று அந்த ஒப்பந்தம் சொல்லவே இல்லை. 7 கத்தோலிக்க கான்டன்கள் தங்களுக்குள் பாதுகாப்புக் கூட்டணி அமைக்க, 1847 நவம்பரில் உள்நாட்டுப் போர் மூண்டு ஒரு மாதத்துக்குள் முடிந்தது. இறந்தவர்கள் சுமார் 100 பேர். மறு ஆண்டு புதிய அரசியலமைப்புக்கு 15½ கான்டன்கள் ஆதரவு, 6½ எதிர்ப்பு. (சில கான்டன்கள் இரண்டாகப் பிரிந்து ஆளுக்கு அரை வாக்கு வைத்திருந்தன, அதனால்தான் அந்த அரை.) எதிர்த்தவர்களையும் சேர்த்தே 1848 செப்டம்பர் 12 அன்று அது நடைமுறைக்கு வந்ததாக அறிவித்தார்கள். உள்நாட்டுச் சுங்கச் சாவடிகளை ஒழித்து, இழந்த வருமானத்துக்குக் கான்டன்களுக்கு இழப்பீடும் கொடுத்தார்கள். ஆனால் தோற்ற கான்டன்கள் போர்ச்செலவைக் கட்ட வேண்டியிருந்தது.

வணிகத்தில் ஒன்றுபட்டால் அரசியல் ஒற்றுமை தானாக வரும் என்று நம்புவோர் ஜெர்மனியைப் பார்க்க வேண்டும். 1834 முதல் பல ஜெர்மன் அரசுகள் ஒரே சுங்க ஒன்றியத்தில் இருந்தன. 32 ஆண்டுகள் கழித்து, 1866 போரில் அதே ஒன்றியத்தைச் சேர்ந்த பவேரியாவும் சாக்சனியும் ஹனோவரும் வட ஜெர்மன் அரசான பிரஷ்யாவுக்கு எதிராக ஆஸ்திரியா பக்கம் நின்றன. ஒரே நாடாக்கியது பிரஷ்யாவின் படை வெற்றி. சுங்க ஒன்றியம் தயாராக்கி வைத்த பாதையில் அது நடந்தது, அவ்வளவுதான்.

இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தில் பல முடிவுகளுக்கு ஒருமனது தேவையில்லை. 27-இல் 15 நாடுகள், மக்கள்தொகையில் 65 விழுக்காடு சேர்ந்தால் போதும். ஆனால் ஒன்றியத்தின் வரவு செலவு உறுப்பு நாடுகளின் மொத்த வருமானத்தில் ஏறக்குறைய 1 விழுக்காடு. அமெரிக்க மத்திய அரசின் செலவோ நாட்டு உற்பத்தியில் 20 விழுக்காட்டுக்கு மேல். அந்த 1 விழுக்காட்டிலும் பெரும்பகுதி உறுப்பு நாடுகள் தரும் பங்கு. சுங்க வரி ஒன்றியத்துக்கே உரியது, ஆனாலும் துறைமுகத்தில் வசூலிப்பவர் அந்தந்த நாட்டு அதிகாரி. வசூல் செலவென்று 25 விழுக்காட்டை அவர் நாடு பிடித்துக்கொள்ளும். கொரோனா காலத்தில் 75,000 கோடி யூரோ வரை சேர்ந்து கடன் வாங்க முடிவெடுத்தபோது, அதற்கான விதி 27 நாடுகளின் ஒப்புதலுக்கும் காத்திருந்தது. பூட்டு அப்படியே இருக்கிறது. விலகும் உரிமையும் ஒப்பந்தத்தின் 50-ஆம் பிரிவில் எழுதியே இருக்கிறது. பிரிட்டன் 2020 ஜனவரி 31 அன்று அதன்படி வெளியேறியது. அமெரிக்காவிலோ ஒரு மாநிலம் தானாகப் பிரிய முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1869-இலேயே சொல்லிவிட்டது.

ஆகவே முறைப்படி போனால், அரசியலமைப்பு என்று பெயர் வைத்த ஒப்பந்தத்துக்கு 2005-இல் நேர்ந்ததே நேரும். பிரான்ஸ் மே 29 அன்றும் நெதர்லாந்து ஜூன் 1 அன்றும் பொதுவாக்கெடுப்பில் மறுத்தன; மற்றவர்களின் சம்மதம் வீணானது.

ஆனால் பக்கத்துக் கதவை ஐரோப்பா ஏற்கெனவே ஒருமுறை திறந்திருக்கிறது. யூரோ நெருக்கடியின்போது நிதிக் கட்டுப்பாட்டு விதிகளை ஒன்றியத்தின் ஒப்பந்தத்தில் சேர்க்கப் பிரிட்டன் மறுத்தது. உடனே மற்றவர்கள் தனி ஒப்பந்தம் எழுதினார்கள். 2012 மார்ச்சில் 25 நாடுகள் கையெழுத்திட்டன. யூரோ நாடுகளில் 12 ஏற்றால் போதும், ஏற்றவர்களுக்கு நடைமுறைக்கு வரும் என்பது நிபந்தனை. 2013 ஜனவரி 1 அன்று வந்தும்விட்டது. பிலடெல்பியாவின் ஏழாம் பிரிவு அப்படியே இதில் இருக்கிறது, ஒரு வேறுபாட்டோடு: பழைய ஒன்றியம் கலையவில்லை, சேராதவர்கள் அதில் பழையபடி தொடர்ந்தார்கள்.

எனவே மாற முடியுமா என்றால் முடியும், ஆனால் எல்லோருமாக அல்ல. முன்வரும் சில நாடுகள் புதிதாகத் தொடங்க வேண்டும். அதற்கும் உள்நாட்டில் வரம்பு உண்டு. ஐரோப்பியக் கூட்டாட்சியில் மாநிலமாகச் சேர்வதென்றால் இப்போதைய அரசியலமைப்பின்கீழ் அரசும் பாராளுமன்றமும் மட்டும் அதை முடிவு செய்ய முடியாது, ஜெர்மன் மக்களே நேரடியாக முடிவெடுக்க வேண்டும் என்று அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2009 ஜூன் 30 அன்று தீர்ப்பளித்திருக்கிறது. ஜெர்மனி இல்லாத மையக்குழுவை யாரும் கற்பனை செய்வதில்லை. ஆகவே அந்தத் தனி ஒப்பந்தத்தை என்றைக்கு எழுதினாலும், முதலில் கேட்கப்பட வேண்டியவர் ஜெர்மன் வாக்காளர்.