சார், மவுஸ் மாற்றினால் ரேட்டிங் ஏறுமா?

இந்த மாதத்தில் இதே கேள்வியோடு வந்த மூன்றாவது மாணவர் அவர். கல்லூரியில் படிக்கிறார், உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே தரும் திறன் புள்ளி, அதாவது ரேட்டிங், 2000-ஐத் தாண்டியவர், போட்டிகளில் நிதானமாக நல்ல செஸ் ஆடுகிறார். ஆன்லைனில் பிளிட்ஸ் எனும் அதிவேக ஆட்டத்தில், 3 நிமிட வகையில் மட்டும் ஒரு வருடமாக ஒரே இடத்தில் நிற்கிறார். விலை அதிகமான கேமிங் மவுஸ் வாங்கியாயிற்று. அடுத்து மானிட்டரையும் மாற்றலாமா என்று கேட்க வந்திருந்தார். "கை வேகம் பத்தலை சார்" என்றார்.

பயிற்சியாளராக இந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

சரி, கணக்குப் போடுவோம். 3+0 ஆட்டத்தில், அதாவது ஆளுக்கு 3 நிமிடம், கூடுதல் நேரம் எதுவும் இல்லாத ஆட்டத்தில், உங்களிடம் இருப்பது 180 வினாடி. ஆட்டம் 60 நகர்த்தல் போனால் ஒன்றுக்கு 3 வினாடி. புது மவுஸ் ஒவ்வொரு நகர்த்தலிலும் ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கை மிச்சப்படுத்துகிறது என்றே வைத்துக்கொண்டாலும், மொத்தம் 6 வினாடி. அந்த மாணவர் தோற்ற ஆட்டங்களை லிசெஸ் என்ற செஸ் தளத்தில் திறந்து, நகர்த்தல் நேரம் காட்டும் வரைபடத்தைப் பார்த்தோம். ஆறாவது, ஏழாவது நகர்த்தலிலேயே 25 வினாடி, 30 வினாடி என்று கம்பம் நட்டது போல நிற்கிறது. கறுப்புக் காய்களோடு அவர் ஆடும் தொடக்க முறை சிசிலியன் நைடார்ஃப். எதிராளி ஆறாவது நகர்த்தலில் ஹெச் சிப்பாயை, அதாவது ராஜா பக்கத்து ஓரச் சிப்பாயை, ஒரு கட்டம் தள்ளினால் போதும், அப்படியே உட்கார்ந்துவிடுகிறார். அது அபூர்வமான நகர்த்தல் இல்லை. அவரே எத்தனையோ முறை சந்தித்திருக்கிறார். அத்தனை முறையும் முதல்முறை பார்ப்பது போல யோசித்திருக்கிறார். ஆட்டம் முடிந்தபின் அதற்குப் பதில் என்ன என்று ஒரு நாளும் திறந்து பார்க்கவில்லை. ஐந்து நிமிட வேலை அது.

வேகமாக ஆடுபவர்கள் வேகமாக யோசிக்கிறார்கள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். முக்கால்வாசி நகர்த்தல்களை அவர்கள் யோசிக்காமல்தான் வைக்கிறார்கள், ஏனென்றால் அந்த யோசனை எப்போதோ முடிந்துவிட்டது. யானைகளும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சும் இறுதிக்கட்டத்தை, யானை எண்ட்கேமை, எடுத்துக்கொள்ளுங்கள். பிலிடோர் தற்காப்பு உங்களுக்குத் தெரியும்: எதிராளியின் சிப்பாய் ஆறாம் வரிசைக்கு வரும்வரை அந்த வரிசையை யானையால் மறித்து வைப்பது, வந்ததும் யானையைக் கோடிக்குக் கொண்டுபோய்ப் பின்னாலிருந்து செக் கொடுப்பது. நீண்ட நேர ஆட்டமான கிளாசிக்கலில் 10 நிமிடம் கொடுத்தால் தவறாமல் செய்வீர்கள். கடிகாரத்தில் 8 வினாடி இருக்கும்போது அதைக் 'கண்டுபிடிக்க' நேரம் கிடையாது, கை தானாகப் போக வேண்டும். பிலிடோர், லுசேனா, வான்குரா, யானை எண்ட்கேமின் இந்த மூன்று அடிப்படை நிலைகளையும் 20 வினாடி வைத்து, இரு பக்கமும் மாறி மாறி, இன்ஜினோடு, அதாவது செஸ் ஆடும் கணினி நிரலோடு, ஆடிப் பாருங்கள். 2000 தாண்டியவர்களே இதில் திணறுவதை என் வகுப்பில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

அதற்காக யோசிக்கவே கூடாது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு ஆட்டத்தில் இரண்டு, மூன்று இடங்கள் வரும்: ராணிகளை வெட்டிக்கொள்வதா, நடுச் சிப்பாயை உடைப்பதா, எதிராளி காய் பலி கொடுத்தால் வாங்குவதா. அங்கே 15 வினாடி தாராளமாகச் செலவழியுங்கள். மற்ற இடங்களில், இரண்டு நகர்த்தல் ஒரே மாதிரி தெரிந்தால் முதலில் தோன்றியதை வைத்துவிட்டு நகருங்கள். இன்ஜின் கணக்கில் 0.2 வித்தியாசத்துக்காக, அதாவது ஒரு சிப்பாயின் மதிப்பில் ஐந்தில் ஒரு பங்குக்காக, 20 வினாடியைக் கொடுத்தால், 40-வது நகர்த்தலில் ஒரு முழுக் காயாகத் திருப்பிக் கட்ட வேண்டி வரும்.

அப்புறம், "ஆனந்த் பிளிட்ஸ் ஆடித்தானே வளர்ந்தார்" என்று பெற்றோர்கள்கூடச் சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் ஆனந்த் சிறுவராக ஆடிய சென்னை டால் செஸ் கிளப்பில் என்ன வழக்கம் தெரியுமா? ஜெயித்தவர் பலகையிலேயே இருப்பார். தோற்றவர் எழுந்து வரிசையில் போய் நிற்க வேண்டும். நிற்கும் நேரத்தில் மூச்சு சமநிலைக்கு வரும், எங்கே தவறினோம் என்று மனம் ஓட்டிப் பார்க்கும், அடுத்தவர் ஆட்டத்தையும் கவனிக்க முடியும். இன்று அந்த வரிசை இல்லை. தோற்ற அதே வினாடியில் ரீமேட்ச் பொத்தான் கண்முன் வந்து நிற்கிறது. இரவு 1 மணிக்கு "இன்னும் ஒண்ணு" என்று அழுத்தி, 100 புள்ளியை இழந்துவிட்டுக் காலையில் எனக்குச் செய்தி அனுப்புகிறார்கள்.

சமமான ஆளோடு ஆடினால், டிராவை விட்டுவிட்டால், அடுத்த மூன்று ஆட்டமும் தோற்பதற்கு 8-ல் ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஒரே நாளில் 20 ஆட்டம் ஆடுபவருக்கு இது சாதாரணமாக நடக்கும். உங்கள் செஸ் கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. ஆனால் அந்த மூன்றுக்குப் பிறகு கோபத்தில் ஆடும் பத்து ஆட்டம் உண்மையிலேயே கெட்ட செஸ். அடுத்தடுத்து இரண்டு தோற்றால் எழுந்துவிடுங்கள். தயவுசெய்து. இதை வீட்டில் இருப்பவர்களிடமும் சொல்லி வையுங்கள்.

பயிற்சிக்கு 3+0 வேண்டாம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 2 வினாடி கூடும் 3+2 ஆடுங்கள். உலக பிளிட்ஸ் சாம்பியன்ஷிப்பே அந்த நேரத்தில்தான் நடக்கிறது. வென்ற நிலையை வென்று முடிக்கவும் அதில்தான் பழக்கம் வரும். ப்ரீமூவ், அதாவது எதிராளி ஆடுவதற்கு முன்பே உங்கள் அடுத்த நகர்த்தலைப் பதிவு செய்து வைப்பது, எதிராளி என்ன வைத்தாலும் உங்களுக்குச் சேதம் வராத இடத்துக்கு மட்டும். திருப்பி வெட்டத்தானே போகிறோம் என்று முன்கூட்டியே ராணியை நகர்த்திவிட்டு அதைப் பறிகொடுத்த ஆட்டங்களை வாரம் தவறாமல் பார்க்கிறேன். ஆடும் தளத்தின் விதியையும் தெரிந்துகொள்ளுங்கள். லிசெஸ்ஸில் ஒரு ப்ரீமூவ்தான், அதற்கு நேரம் கழியாது. செஸ்.காமில் பல ப்ரீமூவ்களை அடுக்கலாம், ஒவ்வொன்றுக்கும் 0.1 வினாடி போகும். ராஜாவும் ஒற்றைக் குதிரையும் மட்டும் உங்களிடம் இருக்க, எதிராளியின் நேரம் தீர்ந்தால் செஸ்.காமில் டிரா. லிசெஸ்ஸிலோ எதிராளியிடம் ஒரே ஒரு சிப்பாய் இருந்தாலும் வெற்றி உங்களுக்கு. கடைசி 5 வினாடியில் அந்தக் குதிரையை எதற்குக் கொடுக்கலாம் என்பதையே இது மாற்றிவிடும்.

எதிராளி இன்ஜின் பார்த்து ஆடினார் என்று தோன்றினால் புகாரை அனுப்பிவிட்டு விட்டுவிடுங்கள். அதைத் துப்பறிவது உங்கள் வேலை இல்லை.

என்னிடம் அடுத்து வரப்போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். எதையும் வாங்குவதற்கு முன், கடைசியாகத் தோற்ற 20 பிளிட்ஸ் ஆட்டங்களை எடுங்கள். 15 வினாடிக்கு மேல் எடுத்த ஒவ்வொரு நகர்த்தலையும் குறித்து, அந்த நேரத்தில் என்ன யோசித்தீர்கள் என்று பக்கத்தில் ஒரு வரி எழுதிக்கொண்டு வாருங்கள். நாம் அங்கிருந்து தொடங்கலாம்.