பிரேக் மிதி கல்லாக இறுகினால்: பூஸ்டருக்குள் நடப்பது என்ன?

“கார் பழையது. பிரேக்கை மிதித்தால் மிதி இறங்கவே மறுக்கிறது. பூஸ்டரை மாற்றச் சொல்கிறார்கள், மாற்றித்தான் ஆக வேண்டுமா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பூஸ்டர் கெட்டிருக்கலாம். ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியவை இன்ஜினிலிருந்து பூஸ்டருக்கு வரும் ரப்பர் ஹோஸும் அதோடு இருக்கும், காற்றை ஒரே திசையில் மட்டும் விடும் செக் வால்வும்தான். இரண்டும் சில நிமிட வேலை. சோதிக்காமல் பூஸ்டரைக் கழற்றுவது வீண் செலவு என்றே சொல்வேன்.

பிரேக் ஆயிலை அழுத்திச் சக்கரங்களுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டருக்கும் மிதிக்கும் நடுவே வட்டமான தகர டப்பா ஒன்று இருக்கும். அதுதான் பூஸ்டர். டிரம் பிரேக்கில் ஷூ, சுழலும் டிரம்மோடு உராய்ந்து ஓரளவு தானாகவே இறுகிக்கொள்ளும். டிஸ்க் பிரேக்கில் அந்த வசதி கிடையாது. காலின் பலம் மட்டும் போதாது, மீதியைத் தருவது பூஸ்டர். டப்பாவைக் குறுக்கே ஒரு ரப்பர் டயாஃப்ரம் இரண்டு அறைகளாகப் பிரிக்கிறது. மிதி மேலே இருக்கும்போது இரண்டு அறைகளிலும் குறைந்த அழுத்தம். மிதித்ததும் இரு அறைகளுக்கும் இடையே உள்ள வழி மூடி, பின்னறைக்குள் வெளிக்காற்று நுழைகிறது.

வெற்றிடம் எதையும் இழுப்பதில்லை, தள்ளுவது காற்று. மாக்டிபர்க் அரைக்கோளங்களைப் பற்றிப் பள்ளியில் படித்ததும் இதுதான். பெட்ரோல் இன்ஜின் ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல்) ஓடும்போது, இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டில் அழுத்தம் வெளிக்காற்றைவிடச் சுமார் 20 அங்குல பாதரசம் குறைந்திருக்கும். அதாவது ஒரு சதுர செ.மீ.க்கு 0.69 கிலோ வித்தியாசம். 9 அங்குல விட்டமுள்ள டயாஃப்ரத்தின் பரப்பு 410 சதுர செ.மீ. பெருக்கினால் ஏறத்தாழ 280 கிலோ! ரிட்டர்ன் ஸ்பிரிங் கொஞ்சம் கழித்துக்கொண்டாலும் பெரிய உதவிதான். டீசல் இன்ஜினில் இந்த வெற்றிடம் தானாகக் கிடைக்காது. அதற்குத் தனி வாக்குவம் பம்ப் உண்டு. அங்கே பம்பையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும்.

இவ்வளவு விசை கையிருப்பில் இருந்தும், லேசாக மிதித்தால் லேசாகத்தானே பிரேக் பிடிக்கிறது? காற்று நுழையத் தொடங்கினால் 280 கிலோவும் ஒரேயடியாகப் பாய வேண்டாமா? பாயாமல் தடுப்பது சிறிய ரப்பர் வில்லை ஒன்று. ரியாக்‌ஷன் டிஸ்க் என்பார்கள். மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும் புஷ் ராடு இந்த வில்லையின் முன்பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. பின்பக்கத்தின் நடுப்பகுதியை உங்கள் காலோடு இணைந்த சிறு தண்டான பிளஞ்சர் தாங்குகிறது. சுற்றியுள்ள வளையப் பகுதியை டயாஃப்ரத்தின் விசை தள்ளுகிறது. ரப்பர் எளிதில் சுருங்காது. நெருக்கினால் திரவம்போல எல்லாப் பக்கமும் ஒரே அழுத்தத்தைக் கொடுக்கும். நடுப்பகுதி மொத்தப் பரப்பில் நான்கில் ஒரு பங்கு என்றால், சுமையிலும் நான்கில் ஒரு பங்கு காலுக்கு வரும். மீதி மூன்று பங்கு காற்றின் பொறுப்பு.

இதைவிட அழகானது அடுத்த கட்டம். உதவி தேவைக்கு மேல் போனால் ரப்பரின் நடுப்பகுதி பின்னோக்கிப் பிதுங்கி பிளஞ்சரைத் தள்ளுகிறது. உடனே காற்று வழி மூடிக்கொள்கிறது. இரண்டு வழிகளும் மூடிய நிலையில் பிரேக் அப்படியே நிற்கும். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் இன்னும் கொஞ்சம் காற்று. சென்சார் இல்லை, மின்சாரம் இல்லை. கேட்ட அளவுக்கு மட்டும் உதவி, அதுவும் காலுக்குத் தெரியும்படி. கணினி இல்லாத காலத்துப் பின்னூட்டக் கட்டுப்பாட்டுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டைக் காட்டுவது கடினம். பொறியியல் வகுப்பறைகளில் பழைய பூஸ்டர் ஒன்றைக் குறுக்கே வெட்டி வைத்தால் பாதிப் பாடம் அதிலேயே முடிந்துவிடும்.

சரி, சோதனைக்கு வருவோம். இன்ஜினை அணைத்துவிட்டு மிதியை ஐந்தாறு முறை அழுத்துங்கள். உள்ளிருந்த வெற்றிடம் தீர்ந்து மிதி இறுகும். மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். மிதி சற்றுக் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. அடுத்து, ஓரிரு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். முதல் மிதி ஆழமாகவும் அடுத்தடுத்த மிதிகள் உயரமாகவும் நின்றால் வெற்றிடம் தேங்குகிறது; முதல் மிதியே இறுகினால் கசிவு. கடைசியாக, இன்ஜின் ஓடும்போது மிதித்துப் பிடித்து, அப்படியே அணைத்து 30 விநாடி காத்திருங்கள். மிதி மேலெழும்பி வந்தால் கசிவு உறுதி.

எங்கே கசிகிறது? மிதிக்கும்போது மட்டும் காலடியில் ‘உஸ்’ என்ற ஓசை நீடித்து, ஐடில் தடுமாறினால் பூஸ்டரின் டயாஃப்ரமோ வால்வோ போய்விட்டது. மிதிக்காதபோதும் ஐடில் தடுமாறினால் ஹோஸைப் பாருங்கள். முனைகளில் வெடிப்பு கண்ணுக்குத் தெரியும். உள்சுவர் உப்பி அடைத்திருந்தால் வெளியே எதுவும் தெரியாது, கழற்றி ஊதித்தான் பார்க்க வேண்டும். செக் வால்வைப் பூஸ்டர் பக்கமிருந்து ஊதினால் காற்று போக வேண்டும். இன்ஜின் பக்கமிருந்து போகவே கூடாது. பிரேக் ஆயில் வெளியே ஒழுகாமல் குறைந்து, புகைபோக்கியில் வெள்ளைப் புகையும் வந்தால் மாஸ்டர் சிலிண்டரின் பின் சீல் கிழிந்து, ஆயில் பூஸ்டர் வழியே இன்ஜினுக்குப் போகிறது என்று சந்தேகிக்கலாம். அப்போது பூஸ்டரை மட்டும் மாற்றினால் புதியதும் சீக்கிரம் கெடும்.

செக் வால்வை மாற்றும்போது அது பொருந்தியிருக்கும் ரப்பர் வளையமான கிராமெட்டையும் சேர்த்து மாற்றுங்கள். உள்ளே நுழைக்கச் சோப்புத் தண்ணீர் போதும்; சாதாரண கிரீஸ் ரப்பரை உப்ப வைக்கும். வால்வில் அம்புக்குறி இருந்தால் அது இன்ஜினை நோக்க வேண்டும். ஹோஸ், பிரேக் வாக்குவத்துக்கென்றே செய்ததாக இருக்கட்டும். தண்ணீர் ஹோஸ் பெட்ரோல் ஆவியில் இளகி, உள்வாங்கி ஒட்டிக்கொள்ளும்.

பூஸ்டரே போயிருந்தால், ஹோஸை எடுத்துவிட்டு மாஸ்டர் சிலிண்டரின் நட்டுகளைக் கழற்றுங்கள். பல கார்களில் பிரேக் பைப்புகளைக் கழற்றாமலே அதை மெல்ல முன்னால் நகர்த்தலாம்; பைப் வளைந்து நசுங்கக் கூடாது. உள்ளே, மிதியோடு இணைக்கும் பின்னையும் டாஷ்போர்டுக்கு அடியிலுள்ள நட்டுகளையும் எடுத்தால் பூஸ்டர் வெளியே வந்துவிடும். புதியதன் புஷ் ராடைப் பிடுங்கிப் பார்க்காதீர்கள். ரியாக்‌ஷன் டிஸ்க் உள்ளே நழுவி விழுந்தால் லேசாகத் தொட்டதுமே பிரேக் வெடுக்கென்று பிடிக்கும். மாஸ்டர் சிலிண்டருக்கும் பூஸ்டருக்கும் இடையே உள்ள ஓ-ரிங் (ரப்பர் வளையம்) புதிதாக இருக்கட்டும். பல கார்களில் வெற்றிடத்தைக் காப்பது அதுதான்.

பலர் தவறவிடுவது புஷ் ராடு இடைவெளி. ராடு முனைக்கும் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனுக்கும் இடையே மெல்லிய இடைவெளி வேண்டும். அளவு கார் கையேட்டில் இருக்கும். அதிகமானால் மிதி வீணாகக் கீழே இறங்கும். இல்லாமலே போனால் பிஸ்டன் முழுதாகப் பின்வாங்காது, ஆயில் திரும்பும் துளை மூடியே இருக்கும், ஓட ஓடப் பிரேக் சூடாகிப் பிடித்துக்கொள்ளும். மெதுவான வேகத்தில் பத்துப் பன்னிரண்டு முறை பிரேக் பிடித்துவிட்டு, ஜாக்கி போட்டு, ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். இறுகியிருந்தால் மாஸ்டர் சிலிண்டர் நட்டுகளைச் சற்றே தளர்த்துங்கள். உடனே சக்கரம் விடுபட்டால் ராடு நீளம் அதிகம். குறைத்துவிட்டு நட்டுகளை மறுபடி இறுக்குங்கள்.