மூணு ஓட்டையை நம்பலாமா?

எங்கள் வீடு சேலம் செவ்வாப்பேட்டை. கொலுசுப் பட்டறைக்குள் வளர்ந்தவனுக்குத் தராசைக் கண்டால் கை சும்மா இருக்காது. டெக்சாசில் இருக்கும் பெரியப்பா மகன் வீட்டுக்குப் போனபோது, அண்ணன் கார் ஷெட்டில் அதேபோல ஒரு குட்டித் தராசை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எடை போட்டது வெள்ளி இல்லை, பென்சில் முனையைப் பொடிப்பொடியாக நறுக்கியதுபோல் இருந்த வெடிமருந்து. மான் வேட்டைக்குத் தோட்டாவைத் தானே தயார் செய்கிறார். அங்கே உரிமம் எடுத்தால் வேட்டைக்குப் போகலாம். இங்கே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்குத் தடை, உரிமம் இல்லாமல் தோட்டா செய்வதும் குற்றம், அதனால் யாரும் சேர்வராயன் மலைப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

"கடையிலேயே விக்குதே, எதுக்குண்ணா இந்த வேலை?" என்றேன். "அது ரெடிமேட் சட்டைடா. இது என் துப்பாக்கிக்கு அளவெடுத்துத் தைக்கிறது" என்றார்.

தோட்டா என்பது நாலு சாமான்: பித்தளைக் கூடு, அதன் அடியில் பொறி வைக்கும் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் செருகிய குண்டு. மருந்தைக் கூட்டினால் குறி நன்றாக விழும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. வேட்டை ரைஃபிளுக்குள் வெடிக்கும் நொடியில் அழுத்தம் நாம் சுவாசிக்கும் காற்றைப்போல் 4,000 மடங்கு வரை போகும், அளவு மீறினால் துப்பாக்கியே கையில் வெடிக்கும். குறிக்கு வேண்டியது வேகம் அல்ல, ஒவ்வொரு தோட்டாவும் ஒரே வேகத்தில் கிளம்புவது. அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. வினாடிக்கு 800 மீட்டரில் போகிற குண்டு 10 மீட்டர் குறைந்து கிளம்பினால், 100 மீட்டரில் 2 மில்லிமீட்டர்தான் கீழே விழும், யாருக்கும் தெரியாது. 300 மீட்டரில் அதுவே 2 சென்டிமீட்டர் ஆகிவிடும். கிட்டத்தில் இருக்கும் குறியைச் சுடுகிறவர் மருந்துத் தூளை ஒவ்வொன்றாக எண்ணிப் போடுவது, என்னைக் கேட்டால், மனதிருப்திக்குத்தான்.

உண்மையான வித்தியாசம் குண்டைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. குழலுக்குள் திருகாணி மரைபோல் வரிகள் சுற்றிச் சுற்றி ஓடும். 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று வரும் குழலில் 800 மீட்டர் வேகத்தில் கிளம்பும் குண்டு வினாடிக்கு 3,000 தடவைக்கு மேல் சுழலும், பம்பரம் மாதிரி. குண்டு நீளமாக நீளமாகச் சுழற்சியும் அதிகம் வேண்டும். இதற்கு 1879-லேயே கிரீன்ஹில் என்ற ஆங்கிலேயக் கணித ஆசிரியர் ஒரு சூத்திரம் போட்டுவிட்டார். சுழற்சி போதாவிட்டால் குண்டு தலையாட்டி, குறித்தாளில் உருண்டையாக இல்லாமல் சப்பையாக ஓட்டை போடும். அதனால்தான் பக்கத்து வீட்டுக்காரர் துப்பாக்கியில் அற்புதமாகச் சுடுகிற குண்டு நம் குழலில் சொதப்பும்.

அப்புறம் குண்டை எவ்வளவு ஆழம் செருகுவது என்பது. குண்டு கூட்டை விட்டு மரையில் கடிக்கும் முன் கொஞ்ச தூரம் வெறுமனே தாண்டுகிறது. அந்த இடைவெளி ஒவ்வொரு தோட்டாவிலும் மாறினால் குண்டு மரைக்குள் நுழையும் விதமும் அழுத்தமும் மாறும். அதோடு, வெடித்ததும் குழல் தட்டிய கம்பிபோல் அதிரும், குழல் வாய் எந்தப் பக்கம் ஆடிக்கொண்டிருக்கும்போது குண்டு வெளியே வருகிறதோ அந்தப் பக்கம் போகும்.

எனக்குப் பிடித்த சங்கதி பித்தளைதான். ஒரே கூட்டைத் திரும்பத் திரும்ப வெடித்து, அமுக்கி, பழைய அளவுக்குக் கொண்டுவந்தால் அதன் கழுத்து இறுகிவிடும். ஒன்று குண்டை இறுக்கிப் பிடிக்கும், ஒன்று தளர விடும், ஒரு நாள் விரிசலும் விடும். அண்ணன் கழுத்தை மட்டும் தீயில் காட்டித் திருப்பினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெள்ளிக் கம்பியை இழுக்க இழுக்க விறைக்கும், நெருப்பில் காட்டினால் இளகும், எங்கள் பட்டறையில் தினமும் நடப்பது இது.

மறுநாள் இரண்டு வகை மருந்தளவில், ஒவ்வொன்றிலும் மூன்று சுட்டார். ஒரு தாளில் மூன்று ஓட்டையும் ஒட்டிக்கொண்டிருந்தன, இன்னொன்றில் பரவிக் கிடந்தன. "பாத்தியா, இதுதான் என் மருந்து" என்றார். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். மூன்று குண்டு என்பது மிகச் சின்ன மாதிரி. அதே தோட்டாவைப் பத்து தடவை சுட்டால் பரப்பு சராசரியாக ஒன்றரை மடங்குக்கு மேல் விரியும், மூன்றில் நெருங்கி விழுந்தது பாதி அதிர்ஷ்டமாக இருக்கலாம். அதைவிட, மானின் நெஞ்சுப் பகுதி ஏறக்குறைய 20 சென்டிமீட்டர், 100 மீட்டரில் ஓர் அங்குல வித்தியாசம் அங்கே பெரிதா என்ன?

"பத்து சுடுங்கண்ணா" என்றேன். வேட்டைத் துப்பாக்கியின் குழல் மெலிசு, சூடேறினால் குறியே நகரும், அதனால் ஒவ்வொரு மூன்றுக்கும் ஆறவிட்டு, வெயிலில் மதியம் வரை ஆனது. கடைசியில் இரண்டு தாளிலும் மருந்தளவு எழுதிய இடத்தை மடித்து மறைத்து அவர் முன்னால் வைத்தேன். எது எது என்று அவரால் சொல்ல முடியவில்லை.