70,000 யூரோவை நூறால் பெருக்கும் முன்

2025 ஆடியில் சரவணம்பட்டியிலிருந்து ஒரு தம்பதி என் அலுவலகத்துக்கு வந்தார்கள். இருவருக்கும் மென்பொருள் வேலை. கணவருக்கு ஆண்டுக்கு 24 லட்சம், மனைவிக்கு 14 லட்சம், மூன்று வயதில் ஒரு மகள். கணவருக்கு இரண்டு இடத்திலிருந்து அழைப்பு: மியூனிக்கில் 70,000 யூரோ, டல்லாஸில் 1,10,000 டாலர். அன்றைய மாற்று விலையால் பெருக்கி 70 லட்சம், 95 லட்சம் என்று கைப்பேசியில் குறித்து வைத்திருந்தார். "எங்கே சார் வரி குறைவு?" என்றார்.

கோவையில் ஆடிட்டராக இருக்கும் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. பிடித்தம் போனபின் எதையெல்லாம் நாம் தனியாக வாங்க வேண்டியிருக்கும் என்று கேட்பவர்கள் குறைவு.

ஜெர்மனியில் ஓய்வூதியத்துக்கு 9.3 சதவீதம், வேலையின்மைக் காப்பீட்டுக்கு 1.3 சதவீதம், பிறகு மருத்துவக் காப்பீடு, முதியோர் பராமரிப்புக் காப்பீடு, வருமான வரி எல்லாம் சம்பளத்திலேயே பிடிக்கப்படும். மனைவியும் குழந்தையும் உடனிருந்து, மனைவிக்கு வருமானம் இல்லையென்றால் வரி வகுப்பு 3 (சம்பளத்தில் குறைவாக வரி பிடிக்கும் பிரிவு) கிடைக்கும். கையில் மாதம் ஏறத்தாழ 4,000 யூரோ. குழந்தைக்கு அரசு 2025இல் மாதந்தோறும் தந்த 255 யூரோ தனி. "முதலில் நான் மட்டும் போகிறேன், குடும்பம் பிறகு வரட்டும்" என்றார் அவர். மனைவி கோவையில் இருக்கும்வரை வகுப்பு 1தான். அப்போது கைக்கு வருவது சுமார் 3,550 யூரோ. இந்த மாதாந்திர இழப்பை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

(இன்னொன்று: அங்கே முகவரியைப் பதியும்போது மதம் கேட்பார்கள். கத்தோலிக்கர் என்று எழுதினால் பவேரியாவில் வருமான வரியின்மேல் 8 சதவீதம் தேவாலய வரி. தூத்துக்குடிக்காரர் ஒருவர் முதல் சம்பளச் சீட்டைப் பார்த்த பிறகுதான் என்னை அழைத்தார்.)

மியூனிக்கில் வாடகை கொடுமை. இரண்டு படுக்கையறை வீட்டுக்கு 2,000 யூரோ சாதாரணமாகக் கேட்பார்கள். முன்பணம் மூன்று மாத வாடகை வரை. பல வீடுகளில் சமையலறை என்றால் நான்கு சுவரும் ஒரு தண்ணீர்க் குழாயும் மட்டும். மேடை, அலமாரி, அடுப்பு எல்லாம் நாம் வாங்கிப் பொருத்த வேண்டும்.

டெக்சாஸில் சம்பளத்துக்கு மாநில வருமான வரி கிடையாது. மத்திய வரியும், 7.65 சதவீத சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பிடித்தங்களும் போக, மாதம் 7,700 டாலர் வரை மிஞ்சும். ஆனால் நிறுவனம் தன் பங்கைக் கட்டிய பிறகும், குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்கு ஊழியர் பங்கு சராசரியாக ஆண்டுக்கு 6,000 டாலரைத் தாண்டுகிறது. வைத்தியம் பார்த்தால் முதல் சில ஆயிரம் நம் கையிலிருந்து. டல்லாஸில் கார் இல்லாமல் பால் வாங்கக்கூட முடியாது. சமூகப் பாதுகாப்புக்குக் கட்டும் 6.2 சதவீதத்துக்கு ஓய்வூதியம் வேண்டுமென்றால் பத்தாண்டு உழைக்க வேண்டும். இரு நாட்டிலும் உழைத்த ஆண்டுகளைச் சேர்த்துக் கணக்கிடும் ஒப்பந்தம் இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இல்லை, ஜெர்மனியுடன் இருக்கிறது.

இவ்வளவுக்கும் பிறகு, ஒருவர் சம்பளத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் டல்லாஸில்தான் மிச்சம் அதிகம். அதை ஒளிக்காமல் சொன்னேன்.

அதுவரை பேசாதிருந்த மனைவி, "என் வேலை?" என்றார். வரி அட்டவணை எதிலும் இல்லாத வரி அது. அமெரிக்காவின் எச்-1பி வேலை விசாக்காரரின் துணைவருக்கு, நிரந்தரக் குடியிருப்பு (கிரீன் கார்டு) மனுவில் குறிப்பிட்ட கட்டம் தாண்டும்வரை பொதுவாக வேலை செய்ய அனுமதி இல்லை. ஆண்டுகள் ஓடிவிடும். ஜெர்மனியின் நீல அட்டையில் (படித்த வெளிநாட்டு ஊழியருக்கான குடியிருப்பு அனுமதி) வருபவரின் துணைவர் வந்த நாளிலிருந்தே வேலை செய்யலாம். மொழி தெரியாமல் உடனே வேலை கிடைத்துவிடாது என்பதையும் சொன்னேன். கிடைத்தால் வரி வகுப்பு மாறும், பிடித்தம் கூடும், அப்படியும் இரண்டாவது சம்பளம் எல்லாவற்றையும் தூக்கி நிறுத்திவிடும்.

அவர்கள் மியூனிக் என்றார்கள். ஆயுத பூஜை முடித்து அக்டோபர் முதல் வாரம் கணவர் கிளம்புவதாகத் திட்டம். அங்கேதான் குறுக்கிட்டேன். ஏப்ரல் 1 முதல் 182 நாட்கள் இங்கே இருந்துவிட்டால் அந்த நிதியாண்டுக்கு அவர் இந்தியாவில் வசிப்பவர். மியூனிக் சம்பளத்தையும் இங்கே காட்ட வேண்டும். அங்கே கட்டிய வரிக்குக் கழிவு உண்டு, அதற்கான காகித வேலையும் உண்டு. செப்டம்பர் 28க்குள் விமானம் ஏறினால் இந்தத் தொல்லை இல்லை.

24ஆம் தேதிக்கு டிக்கெட் மாற்றினார். பூஜைக்கு மகன் வீட்டில் இல்லை என்று அவருடைய அம்மாவுக்கு என்மேல் இன்னும் வருத்தம்.