சிஃபு: மாஸ்டரா, ஆசானா?

குங்ஃபூ படங்களில் நரைத்த தாடிக் கிழவரின் முன் மண்டியிட்டு, இரு கைகளாலும் தேநீர்க் கோப்பையை நீட்டும் இளைஞன் அவரை அழைக்கும் சொல் ‘சிஃபு’. இது கான்டனீஸ் ஒலிப்பு, மாண்டரினில் ‘ஷிஃபு’. தமிழில் பெரும்பாலும் ‘மாஸ்டர்’ என்று எழுதிவிடுகிறோம். அது பாதி சரி, பாதி தவறு.

காரணம், காதுக்கு ஒன்றாகக் கேட்டாலும் சீன எழுத்தில் இவை இரண்டு சொற்கள். இரண்டிலும் முதல் எழுத்துக்கு ஆசிரியர் என்று பொருள். இரண்டாம் எழுத்துத்தான் வேறு. ஒன்றில் அது ‘பயிற்றுவிப்பவர்’. சமையல்காரர், தச்சர், பஸ் ஓட்டுநர் எனக் கைத்தொழில் தெரிந்த யாரையும் மரியாதையாக அழைப்பது இந்தச் சொல்லால்தான். நம் பரோட்டா மாஸ்டரும் டீ மாஸ்டரும் இதே வரிசையில் வருபவர்கள். எனவே இந்த ஷிஃபுவுக்கு ‘மாஸ்டர்’ அழகாகப் பொருந்துகிறது.

மற்றொன்றில் இரண்டாம் எழுத்து ‘தந்தை’. தேநீர் கொடுத்து மாணவனாகச் சேர்ந்தவன் சொல்வது இதைத்தான். சேர்ந்த அன்றே அவனுக்கு ஒரு குடும்பம் அமைந்துவிடுகிறது. முன்பே சேர்ந்தவர் அண்ணன், பின்னால் வந்தவர் தம்பி. வயது இங்கே கணக்கில்லை. ஆசிரியரோடு பயின்ற மூத்தவர் பெரியப்பா, இளையவர் சித்தப்பா, ஆசிரியரின் ஆசிரியர் தாத்தா. ஆங்கிலம் ‘அங்கிள்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடும் வேறுபாட்டைத் தமிழ் அப்படியே காட்டுகிறது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. ஆங்கில வசன வரியைப் பார்த்து இவர்களை ‘மாமா’ என்று எழுதினால் உறவே மாறிவிடும். மாமன் பெண் கொடுக்கும் முறை. இவர்களோ பங்காளி முறை.

பெண் ஆசிரியரையும் இதே சொல்லால்தான் அழைப்பார்கள். ஹாங்காங் எழுத்தாளர் ஜின் யோங் 1959இல் மிங் பாவ் நாளிதழைத் தொடங்கியபோது அதில் எழுதிய தொடர்கதையில், யாங் குவோ என்ற இளைஞன் தனக்குக் கலை கற்பித்த சியாவ்லுங்நூ என்ற பெண்ணையே மணக்க விரும்புகிறான். சுற்றியிருக்கும் வீரர்கள் கொதித்தெழுகிறார்கள். அவளை அவனுடைய ‘மாஸ்டர்’ என்று மட்டும் மொழிபெயர்த்தால் இத்தனை கோபம் எதற்கென்று தமிழ் வாசகருக்குப் புரியாது. பெற்றோர் இடத்தில் இருப்பவளை மணப்பதா என்பதுதான் அவர்களுடைய கேள்வி. கதையின் முடிச்சே அந்த ஓர் எழுத்தில் இருக்கிறது.

இந்தச் சிஃபுவுக்கு ‘ஆசான்’ என்பதே ஏற்ற தமிழ். குமரி மாவட்டத்தில் அடிமுறையும் வர்மமும் கற்றுத்தருபவர் இன்றும் ஆசான்தான். அந்தச் சொல்லில் தந்தை இல்லை என்பது உண்மை. ஆனால் பிணைப்பு இருக்கிறது. மாணவன் ஆசிரியரிடம் எப்படிப் பழக வேண்டும் என்று சொல்லும் நன்னூல், ‘அழலின் நீங்கான் அணுகான்’ என்கிறது. குளிர் காய்பவன் நெருப்பைவிட்டு விலகாமலும் அதை மிக நெருங்காமலும் இருப்பது போன்ற நிலை அது. அடுத்து ‘நிழலின் நீங்கான்’, ‘எத்திறத்து ஆசான் உவக்கும்’ என்றெல்லாம் அந்த நூற்பா தொடர்கிறது. மண்டியிட்டுத் தேநீர் நீட்டும் அந்த இளைஞனுக்கும் பொருந்தும் இலக்கணம் இது. ‘குரு’ என்று எழுதலாமே என்பவர்கள் உண்டு. அதில் ஆன்மிக வாசனை கூடுதல். கம்பும் கைவீச்சும் பழக்கும் களத்துக்கு ஆசானே நெருக்கம்.

கராத்தே வகுப்புகளில் கேட்கும் ‘சென்செய்’ வேறு சொல், ஜப்பானியம். ‘முன்னே பிறந்தவர்’ என்பது அதன் எழுத்துப் பொருள். ஜப்பானில் பள்ளி ஆசிரியர், மருத்துவர், எழுத்தாளர் எல்லோரும் சென்செய்தான். அதே எழுத்துகளைச் சீனர் ‘சியன்ஷெங்’ என்று படித்து, ‘திரு’ என்ற பொருளில் வழங்குகிறார்கள். முன்பிறந்தவரை ஆசிரியராக்கும் வழக்கம் தமிழிலும் இருக்கிறது. மட்டக்களப்பில் கூத்துப் பழக்குபவரை அண்ணாவியார் என்கிறார்கள். அந்தச் சொல்லுக்குள் அண்ணன் இருக்கிறார்.