இருக்கிறது, வரவில்லை

என் பெரியம்மா 31 ஆண்டுகள் கணக்கு டீச்சராக இருந்தவர். இப்போது வயது 74. தை மாதம் கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பந்தி முடிந்து கை கழுவிவிட்டு வரும்போது, நரைத்த மீசையோடு ஒருவர் எதிரே வந்து நின்று, “டீச்சர், என்னைத் தெரிகிறதா? சொல்லுங்கள் பார்க்கலாம்” என்றார். மேளமும் மைக்கும் காதைப் பிளந்துகொண்டிருந்தன. பெரியம்மா அவர் முகத்தையே பார்த்தார். ஒன்பதாம் வகுப்பு, ஆ பிரிவு என்றார். ஜன்னலோரம் மூன்றாவது பெஞ்சு. அப்பாவுக்கு சைக்கிள் கடை. அரையாண்டுத் தேர்வுக்கு முந்தின நாள் வேப்பமரத்திலிருந்து விழுந்து கை ஒடிந்தவன். அத்தனையும் சரி. பெயர் மட்டும் வரவில்லை. “பெயரைச் சொல்லுங்கள் டீச்சர்” என்று அவர் சிரித்துக்கொண்டே கேட்கக் கேட்க, பெரியம்மாவின் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் பேசவே இல்லை. ஊர் நெருங்கும்போதுதான் மெல்லக் கேட்டார்: “எனக்கும் அந்த நோய் வந்துவிட்டதோ?” அன்று இரவு பத்தரை மணிக்கு, பட்டுப்புடவையை மடித்துக்கொண்டிருந்தபோது, தேடாமலேயே அந்தப் பெயர் வந்தது. என்னை எழுப்பிச் சொன்னார்.

அந்த இரவில் நடந்ததைப் புரிந்துகொள்ள நம் பேச்சுவழக்கிலேயே ஒரு திறவுகோல் இருக்கிறது. ‘ஞாபகம் இல்லை’ என்கிறோம், ‘ஞாபகம் வரவில்லை’ என்றும் சொல்கிறோம். இரண்டும் வேறு வேறு. ஒன்றில் சரக்கே கிடையாது. மற்றதில் சரக்கு உள்ளே இருக்கிறது, வாசலுக்கு வந்து சேரவில்லை. நினைவைப் பற்றிய ஆராய்ச்சி நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் பாடுபட்டு வந்திருக்கிறது.

அந்த ஆராய்ச்சியைத் தொடங்கி வைத்தவர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர். உதவிக்கு ஆளில்லை, கருவிகள் என்று சொல்லிக்கொள்ளவும் பெரிதாக எதுவும் இல்லை. தன்னையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டார். பொருள் உள்ள சொற்களை எடுத்தால் பழைய பழக்கம் குறுக்கே வரும் என்பதால், பொருளற்ற அசைகளை ஏறத்தாழ 2,300 அளவில் உருவாக்கினார். அவற்றை 13 அசை கொண்ட வரிசைகளாக அடுக்கி, பிழையில்லாமல் இரண்டு முறை சொல்ல வரும்வரை, கடிகார ஓசைக்கு இணையாக ஒரே வேகத்தில் படித்தார். பிறகு இடைவெளி விட்டு அதே வரிசைகளைத் திரும்பப் படித்தார். எத்தனை அசை மறந்தது என்று அவர் எண்ணவில்லை. இரண்டாம் முறை படிப்பதற்கு எவ்வளவு நேரம் மிச்சமானது என்றுதான் கணக்கிட்டார். 1885இல் வெளியான அவருடைய ஆய்வின்படி, 20 நிமிடம் கழித்துப் படித்தபோது 58 விழுக்காடு உழைப்பு மிச்சம். ஒரு நாள் கழித்து ஏறக்குறைய 34 விழுக்காடு. ஒரு மாதம் கழித்து 21.

இந்தக் கணக்கைக் கோடாக வரைந்து ‘மறதி வளைகோடு’ என்று பயிற்சி வகுப்புகளில் காட்டுகிறார்கள். படித்தது ஒரே நாளில் பறந்துவிடும் என்று பயமுறுத்தவே அது பெரும்பாலும் பயன்படுகிறது. என் மனத்தைத் தொடுவது அந்த 21தான். ஒரு மாதம் ஆகிவிட்டது. பொருளற்ற வெறும் ஒலிகள். கேட்டால் தாமாகச் சொல்ல வராது. ஆனாலும் திரும்பப் படிக்கும்போது ஐந்தில் ஒரு பங்கு உழைப்பு தேவைப்படவில்லை. அப்படியானால் ஏதோ ஒன்று உள்ளே தங்கியிருந்திருக்கிறது. வராதது எல்லாம் இல்லாதது ஆகிவிடாது என்பதற்கு நினைவாராய்ச்சியின் முதல் நூலிலேயே சான்று கிடைத்துவிட்டது.

முதுமையில் நடப்பது என்ன? 1966இல் டேவிட் ஷோன்ஃபீல்டும் பெட்டி ராபர்ட்சனும் கனடாவில் ஓர் எளிய சோதனை நடத்தினார்கள். 24 சொற்களைக் காட்டிவிட்டு, நினைவிலிருப்பவற்றைச் சொல்லச் சொன்னார்கள். இருபதுகளில் இருந்தவர்கள் சராசரியாக 14 சொற்களை ஒட்டிச் சொன்னார்கள். அறுபதைத் தாண்டியவர்களுக்கு ஏழு, எட்டுக்கு மேல் வரவில்லை. ஏறக்குறைய பாதி. இதே போன்ற இன்னொரு பட்டியலைக் காட்டி, இம்முறை சொல்லச் சொல்லாமல், சில சொற்களை முன்னே வைத்து ‘இவற்றில் நீங்கள் பார்த்தது எது?’ என்று கேட்டார்கள். இளையவர்களும் 20, மூத்தவர்களும் 20. பின்னால் நடந்த ஆய்வுகள் அடையாளம் காண்பதிலும் வயதுக்கேற்ற சிறு சரிவு உண்டு என்று காட்டின. ஆனால் தாமாக நினைவுக்குக் கொண்டுவருவதில் ஏற்படும் சரிவுதான் மிகப் பெரியது என்பது மாறவில்லை.

டொரண்டோவில் பணியாற்றிய ஃபெர்கஸ் கிரெய்க் இதற்குத் தந்த விளக்கம் எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது. எதிரே ஒரு குறிப்பு இருந்தால் அதுவே பாதி வேலையைச் செய்துவிடும். குறிப்பு எதுவும் இல்லாதபோது தேடலை மூளை தானே தொடங்கி, தானே நடத்த வேண்டியிருக்கிறது. இந்தத் தேடலில் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதிக்குப் பெரும் பங்கு உண்டு. வயது ஏற ஏற அதிகம் சுருங்கும் பகுதிகளில் அதுவும் ஒன்று. மூளையின் வேகமும் குறைகிறது. சொல்வளம் மட்டும் இந்தப் பட்டியலில் சேராது. அது அறுபது வயதுவரைகூடக் கூடிக்கொண்டே போவது உண்டு. சரக்கு பெருகுகிறது, எடுத்துத் தரும் கை தளர்கிறது.

அப்படியே இருந்தாலும் பெயர் மட்டும் ஏன் இப்படிக் கழுத்தை அறுக்கிறது? சைக்கிள் கடையும் வேப்பமரமும் வந்தனவே!

1987இல் பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வு இதற்கு விடை சொல்கிறது. ஆங்கிலத்தில் பேக்கர் என்பது குடும்பப்பெயராகவும் வரும், ரொட்டி சுடுபவர் என்ற தொழிலாகவும் வரும். முகங்களைக் காட்டி, இவர் பெயர் பேக்கர் என்று சிலருக்கும், இவர் தொழில் பேக்கர் என்று சிலருக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். ஒலி ஒன்றேதான். தொழிலாகக் கேட்டவர்களுக்கு அது எளிதில் நினைவுக்கு வந்தது. பெயராகக் கேட்டவர்கள் தடுமாறினார்கள். காரணம் தெளிவு. ரொட்டி சுடுபவர் என்றதும் அடுப்பு, மாவு, விடியற்கால வாசனை என்று பத்து நூல்கள் அந்த முகத்தில் வந்து கட்டிக்கொள்கின்றன. ஒரு நூல் அறுந்தாலும் இன்னொன்றைப் பிடித்து இழுக்கலாம். பெயருக்கோ ஒற்றை நூல்தான். அது அந்த ஆளைக் குறிக்கிறது, அவரைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

டெபோரா பர்க்கும் அவருடன் பணியாற்றியவர்களும் 1991இல் இதை இன்னும் நெருங்கிப் பார்த்தார்கள். ஆள் யார் என்ற அறிவு மூளையில் ஓரிடம். அந்தப் பெயரின் ஒலி இன்னோரிடம். இரண்டுக்கும் நடுவே உள்ள இணைப்பு வயதாலும் புழக்கக் குறைவாலும் நலிகிறது. அதனால்தான் ‘நாக்கு நுனியில் நிற்கிறது’ என்று தவிக்கிறோம். எத்தனை எழுத்து, எந்த எழுத்தில் தொடங்கும் என்றுகூடச் சில நேரம் தெரிகிறது. முழு ஒலி மட்டும் திரள மாட்டேன் என்கிறது. 2004இல் பர்க் குழு செய்த சோதனை இதை அழகாகக் காட்டியது. செர்ரிப் பழத்தின் கொட்டைக்கு ஆங்கிலத்தில் பிட் என்று பெயர். அந்தச் சொல்லைச் சற்று முன்பு வேறொரு கேள்விக்கு விடையாகச் சொல்லியிருந்த முதியவர்களுக்கு, நடிகர் பிராட் பிட்டின் படத்தைக் காட்டியபோது பெயர் எளிதாக வந்தது. பழக்கொட்டைக்கும் நடிகருக்கும் என்ன உறவு? ஒலி மட்டுமே. நலிந்திருந்தது ஒலிக்குப் போகும் வழி என்பதால், ஒலியே அதைத் திறந்துவிட்டது.

புலவர்களுக்கு இறைவன் முதலடி எடுத்துக் கொடுத்ததாகச் சொல்லும் கதைகள் நம்மிடம் நிறைய உண்டு. எடுத்துக் கொடுத்தல் என்பது எவ்வளவு துல்லியமான சொல்! பாட்டு புலவருடையது, தொடக்கம் மட்டும் கிடைத்தால் போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. யோசித்து யோசித்து மண்டையை உடைத்துக்கொண்டால் பெயர் வந்துவிடும் என்று பலரும் நினைக்கிறோம். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் எமி வாரினரும் காரின் ஹம்ஃப்ரீஸும் 2008இல் செய்த ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. சொல் நாக்கு நுனியில் நின்றபோது சில முறை 10 விநாடியும் சில முறை 30 விநாடியும் தவிக்க விட்டு, பிறகு விடையைச் சொன்னார்கள். இரண்டு நாள் கழித்து அதே கேள்விகளைக் கேட்டபோது, நீண்ட நேரம் தவித்த சொற்களில்தான் மறுபடியும் மாட்டிக்கொள்வது அதிகமாக இருந்தது. தவறான வழியில் நின்றுகொண்டிருக்கும் நேரம் முழுவதும் மூளை அந்தத் தவறான வழியையே பழகிக்கொள்கிறது. கல்யாண மண்டபத்தில் நாம் பெரியவர்களிடம் சிரித்துக்கொண்டே செய்யும் காரியம் இதுதான்.

அப்படியானால் விடையை உடனே சொல்லிவிடலாமா? அதுவும் முழு விடையாகாது. நினைவை வெளியே எடுக்கும் செயலே அந்த நினைவை உறுதியாக்குகிறது. இதற்கு மிகவும் பெயர்பெற்ற சான்று, ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் மாணவர்களை வைத்துச் செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வு. ஒரு குழு பாடத்தை நான்கு சுற்று படித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று மட்டும் படித்துவிட்டு, மூன்று சுற்று எதையும் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் படித்த குழுவுக்கே வெற்றி, 83க்கு 71. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் படித்த குழு 40 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது. எழுதிப் பார்த்த குழு 61இல் நின்றது. தங்களுக்குத்தான் நன்றாக நினைவிருக்கும் என்று நம்பியவர்கள் நான்கு முறை படித்தவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். திரும்பத் திரும்பப் படிக்கும்போது பாடம் கண்ணுக்குப் பழகிப்போகிறது, அந்தப் பழக்கத்தை அறிவு என்று நம்பிவிடுகிறோம்.

திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் எண்சுவடியைச் சட்டாம்பிள்ளையிடம் ஒப்பித்தார்கள். ஒப்பித்தல் என்றாலே இன்று பொருள் தெரியாத உருப்போடல் என்றாகிவிட்டது. பொருள் தெரியாமல் மனப்பாடம் செய்வதை நானும் ஆதரிக்கவில்லை. ஆனால் சுவடியை மூடிவைத்துவிட்டு எதிரே ஒருவர் கேட்கச் சொல்லிக் காட்டுவது என்ற அந்தப் பகுதியை, உருப்போடலோடு சேர்த்து நாம் தூக்கி எறிந்துவிட்டோம். அது இழப்பு. பொருள் புரிந்த பாடத்தையும் அப்படித்தான் ஒப்பித்துப் பார்க்க வேண்டும். மூத்தவர்களிடம் நடந்த சோதனைகளிலும் இந்த முறை பலன் தந்திருக்கிறது.

பெரியம்மா கேட்ட கேள்விக்கு வருகிறேன். நோய் எப்படி இருக்கும்? 1953இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்ற இளைஞரின் வலிப்பைக் குறைக்க, மூளையின் இரு பக்கமும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் கணிசமான பங்கை அறுவை மருத்துவர் அகற்றினார். வலிப்பு குறைந்தது. அதன்பின் 2008இல் இறக்கும்வரை, நடந்ததைப் புதிதாக நினைவில் வைத்துக்கொள்ள அவரால் முடியவில்லை. பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர் பல ஆண்டுகள் அவரைச் சந்தித்தும், ஒவ்வொரு முறையும் அவருக்குப் புதியவராகவே இருந்தார். எடுத்துக் கொடுத்தாலும் வராது, ஏனென்றால் பதியவே இல்லை. அல்சைமர் நோய் பெரும்பாலும் இந்தப் பகுதியையும் அதன் அருகிலுள்ள பகுதிகளையும் முதலில் தாக்குகிறது. ஆகவே கவனிக்க வேண்டியது பெயர் மறப்பதை விட வேறு சில குறிகளை. காலையில் நடந்ததை நினைவூட்டினாலும் அப்படி ஒன்று நடந்ததே தெரியாமலிருப்பது, ஒரே கேள்வியைக் கொஞ்ச நேரத்துக்குள் திரும்பத் திரும்பக் கேட்பது, பழகிய தெருவில் வழி தவறுவது, நெடுநாள் செய்த வரவு செலவுக் கணக்கு திடீரெனப் பிடிபடாமல் போவது. இவை தெரிந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். பி12 குறைபாடு, தைராய்டுக் குறைவு, மனச்சோர்வு, சில மாத்திரைகள் ஆகியவையும் மறதியைத் தரும், அவற்றில் பலவற்றைச் சரிசெய்துவிடலாம்.

காதையும் பார்த்துக்கொள்ளுங்கள். லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் மறதி நோய்க்கு 2024இல் பட்டியலிட்ட, மாற்றக்கூடிய 14 காரணங்களில் கேட்புத்திறன் குறைவும் ஒன்று. சரியாகக் கேட்காத பெயர் பதிவதும் அரைகுறையாகவே இருக்கும். பெரியம்மாவை இரண்டு மாதம் வற்புறுத்தி, காதுக்குக் கருவி பொருத்தச் செய்தோம்.

வீட்டில் இப்போது ஒரு பழக்கம் வந்திருக்கிறது. பெயர் வராமல் அவர் தயங்கினால் நாங்கள் முழுப் பெயரையும் சொல்வதில்லை, வேடிக்கை பார்ப்பதும் இல்லை. முதல் எழுத்தை மட்டும் எடுத்துக் கொடுக்கிறோம். வராவிட்டால் இரண்டாவது. பெரும்பாலும் இரண்டாவது தேவைப்படுவதில்லை.

சென்ற மாதம் எனக்கு ஆறாம் வகுப்பில் தமிழ் நடத்திய ஐயாவைப் பார்க்கப் போனேன். 86 வயது. வாசலில் ஈஸிசேரில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு, முதலில் என் பெயரைச் சொன்னேன். அப்பா பெயரையும் தெருவையும் சேர்த்தே சொன்னேன். ஒரு கணம் கண்ணை மூடியிருந்தார். பிறகு, “ஓடு ஒழுகுகிறது என்று வகுப்புக்குள்ளேயே குடையை விரித்து உட்கார்ந்தவன்தானே நீ” என்றார். எனக்கு அது சுத்தமாக மறந்து போயிருந்தது.