முறிவு பொருந்திய பின்னும் வலிப்பது ஏன்?

உப்புவெளியிலிருந்து ஒரு தாயார் கேட்டு எழுதியிருக்கிறார். சைக்கிளில் சென்ற அவருடைய மகனை ஓட்டோ ஒன்று மோதிக் கை முறிந்தது. எலும்பு நன்றாகப் பொருந்திவிட்டதென்று வைத்தியரும் சொல்லிவிட்டார். ஆயினும் ஓட்டோச் சத்தம் கேட்டாலே கை வலிக்கிறதென்று அழுகிறான், இரவில் திடுக்கிட்டு எழுகிறான். இது நடிப்பா?

நடிப்பு அல்ல. காயத்தின் செய்தி நரம்புகள், முண்ணாண் வழியே மூளையை அடைவது பாடசாலையில் படித்ததுதான். அச்செய்தியின் ஒரு கிளை, மூளைத்தண்டில் நீல நிறம் தோய்ந்த சில பத்தாயிரம் நரம்புக்கலங்களாலான ஒரு சிறு திரளையும் சென்று தட்டுகிறது. தட்டியவுடன் அது மூளையெங்கும் நோர்அதிரனலின் என்னும் இரசாயனத்தைச் சுரந்து பரப்புகிறது. அச்சத்தைக் கையாளும் மூளைப் பகுதியான அமிக்டலாவில் அந்த இரசாயனம் படும்போது, பிரேக் சத்தம், பெற்றோல் மணம் என அக்கணத்தில் உடனிருந்தவை அனைத்தும் ஆபத்தின் அடையாளங்களாகப் பசுமரத்தாணிபோல் இறங்கிவிடுகின்றன. இப்பதிவு விபத்துக் கணத்தோடு முடிந்துவிடுவதில்லை என்பதுதான் என்னை மிகவும் வியக்க வைப்பது. நினைவு உறுதிப்படப் பல மணிநேரம் எடுப்பதால், அதற்குள் தணிக்கப்படாத வலி ஒவ்வொன்றும் அதே இரசாயனத்தை மீண்டும் ஊட்டி அச்சத்தை ஆழமாக்கக்கூடும். மறுபுறம், வலிச் செய்தியை முண்ணாணிலேயே மூளை கூட்டவும் குறைக்கவும் முடியும். 1965இல் மெல்சாக், வோல் என்னும் ஆய்வாளர் இருவரும் முன்வைத்த, வலிச் செய்திக்கு முண்ணாணில் ஒரு வாயில் உண்டெனும் வாயிற் கொள்கை இதைத்தான் சுட்டியது. அஞ்சிய மூளை அந்த வாயிலை அகலத் திறந்து வைக்கிறது.

தீக்காயமுற்ற 24 பிள்ளைகளை அமெரிக்காவில் ஆராய்ந்து 2001இல் வெளியிட்ட ஆய்வில், வைத்தியசாலையில் வலிமருந்தான மோர்பினைக் கூடுதலாகப் பெற்றவர்களிடம் ஆறு மாதங்களில் உளத்தாக்க அறிகுறிகள் அதிகமாகக் குறைந்திருந்தன. சிறிய ஆய்வுதான், காரணத்தை நிறுவவும் இல்லை. ஆனால் மோர்பின் அந்த நீலத் திரளை அடக்குவது அறிந்த செய்தி.

பிள்ளை பயந்துவிட்டதென்று நூல் கட்டுவோரையும், மூதூர்ப் பக்கம் தண்ணீர் ஓதிக் கொடுப்போரையும் நான் கேலி செய்வதில்லை. நூல் நரம்பைத் தொடாது. எனினும் பயத்தை ஒரு துன்பமாக ஏற்றுக்கொண்ட அளவில், "ஆம்பிளைப் பிள்ளை அழலாமா" என்று அதட்டும் படித்தவர்களைவிட அவர்கள் உண்மைக்கு அருகில் நிற்கிறார்கள். அந்த அதட்டலுக்குப் பயந்து வலியை மறைக்கும் பிள்ளைக்கு வலிமருந்தும் கிடைக்காமற் போகிறது.

கையில் வேறு கோளாறு இல்லையென்பதை வைத்தியரிடம் மீண்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். விபத்தின் பின் ஒரு மாதம் கடந்தும் திடுக்கிடலும் ஓட்டோவைத் தவிர்ப்பதும் தொடர்ந்தால், உளநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். நடந்ததைப் படிப்படியாகப் பேசவும், அஞ்சிய ஒலியைச் சிறிது சிறிதாக எதிர்கொள்ளவும் பழக்கும் சிகிச்சைக்கே சான்று வலுவாக உள்ளது; உறக்க மாத்திரைக்கு அல்ல.